பாவாயிக்கு இல்லாத கம்பளிச் சட்டை

முன்னொரு காலத்தில், மேகங்களெல்லாம் ஆட்டுமந்தையைப் பார்த்து 'அட, நம்ம சொந்தக்காரங்க' என்று மலையில் இறங்கி வந்து படுத்துக்கொண்ட காலத்தில், ஏழு மலைக்கு மேலே வெண்பனி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தார். அவரால் இந்தக் கதைக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது. அவருக்கும் குளிரும், அவ்வளவுதான்.

குளிர் என்றால் நீங்களும் நானும் போர்வைக்குள் கிடந்து முனகுகிற குளிர் இல்லை. பேசினால் பேச்சு உதட்டோரத்திலேயே உறைந்து நிற்கிற குளிர். அதனால் அங்கே பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கம்பளிச் சட்டை பின்னுவார்கள். பிள்ளையின் தலைமுடியில் ஒன்றை எடுத்துக் கம்பளியோடு சேர்த்து நூற்று, அந்த நூலில்தான் பின்னுவார்கள். வருஷா வருஷம் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் காலம் வந்ததும் பழைய சட்டையைப் பிரித்து, புது நூல் கூட்டி, கொஞ்சம் பெரிதாகப் பின்னிப் போடுவார்கள். ஆள் வளர வளரச் சட்டையும் கூடவே வளரும். ஆளின் உயிரும் சட்டையின் நூலும் ஒன்று என்று அந்த நாட்டில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இதில் ஒரே ஒரு விதி. தன் சட்டையைத் தானே பின்னிக்கொள்ளக் கூடாது. நம்மீது பிரியம் உள்ள ஒருவர்தான் நமக்குப் பின்ன வேண்டும்.

அந்த நாட்டில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். பிறந்த ஏழாம் நாளே தாயைப் பறிகொடுத்தவள். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று ஊர்தான் அவளை வளர்த்தது. அந்த வீட்டார் சட்டை பின்னியிருப்பார்கள் என்று இந்த வீட்டார் நினைத்தார்கள். இந்த வீட்டார் பின்னியிருப்பார்கள் என்று அந்த வீட்டார் நினைத்தார்கள். கடைசியில் நாட்டிலேயே சட்டை இல்லாத ஒரே பெண்ணாக அவள் வளர்ந்து நின்றாள். தோளில் ஒரு பழைய சாக்கு, கையில் இரண்டு மூங்கில் ஊசி. ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுத்தாள். கைக்கு வேலை இருக்கிறவரை குளிர் தெரியாது என்று சொல்லிக்கொள்வாள். அது பொய். குளிர் நன்றாகவே தெரிந்தது.

பிறகு செங்கோடன் வந்து அவளைக் கட்டிக்கொண்டான். நல்ல மனிதன். ஆடு கத்தரிப்பதில் சூரன். ஆனால் பின்னல் ஊசியைக் கொடுத்தால் மண்வெட்டி மாதிரி பிடிப்பான். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் வஞ்சி, இளையவள் அரும்பு. மூன்று பேருக்கும் பாவாயி சட்டை பின்னினாள். அவளுக்குப் பின்ன யாரும் இல்லை.

"உனக்குக் குளிராதா?" என்று செங்கோடன் எப்போதாவது கேட்பான்.

"அடுப்படியில நிக்கிறவளுக்கு ஏதுங்க குளிர்?" என்பாள். அவனும் நம்பிவிடுவான். ஆண்பிள்ளைகளை நம்பவைப்பது சுலபம்.

கத்தரிக்கிற நாள் வந்தால் வீடே திருவிழாவாக இருக்கும். செங்கோடன் கத்தரிப்பான். வஞ்சி ரோமத்தில் சிக்கிய முள்ளும் புழுக்கையும் பொறுக்குவாள். அரும்பு பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை அடிப்பாள், பாதி நுரை மூக்கில் இருக்கும். மிச்சமெல்லாம் பாவாயி. வெதுவெதுப்பான தண்ணீரில் ரோமத்தைக் கசக்காமல் அழுத்தி அழுத்தி அலச வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். ஆணிச் சீப்பால் சீவிப் பஞ்சாக்க வேண்டும். தக்கிளியில் நூற்க வேண்டும். கத்தரித்து, முள்ளெடுத்து, அலசி, உலர்த்தி, சீவி, நூற்று, பின்னி. ஏழு வேலை, நாலு பேர், ஒரு வீடு.

பாவாயி எல்லாவற்றிலும் கெட்டி. ஒன்றில் மட்டும் சோம்பேறி. பின்னி முடித்ததும் நூலின் நுனியை மூன்று முடிச்சுப் போட்டு உள்ளே செருகுவது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். பாவாயி முடிச்சுப் போட மாட்டாள். "அடுத்த வருஷம் பிரிக்கத்தானே போறோம்? முடிச்சை அவுக்க அரை நாள் போயிடும்" என்று சும்மா செருகிவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளைகள் சட்டைதான் அப்படி என்றால், செங்கோடன் சட்டையும் அப்படித்தான். அவனுக்கு வயிறு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு வருஷம் கத்தரிக்கிற நாளன்று காலையில் என்ன நடந்தது, கேளுங்கள்.

ஏழு ஆட்டில் ஆறைக் கத்தரித்தாயிற்று. ஏழாவது கொம்பன் என்கிற கிழட்டுக் கிடா, கத்தரியைக் கண்டதும் வேலியைத் தாண்டி ஓடிப்போயிற்று. மூன்று பேரின் சட்டையையும் பாவாயி அலசிக் கொடியில் போட்டிருந்தாள். இங்கே அரும்பு என்ன செய்தாள் தெரியுமா? அப்பனின் காலுறை ஒன்றைக் கொதிக்கிற உலைத் தண்ணீரில் போட்டு, அகப்பையால் கிண்டோ கிண்டென்று கிண்டி, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். காலுறை சுருங்கித் தடித்து, ஒரு மாம்பிஞ்சு அளவுக்கு வந்துவிட்டது.

"அடியே! கம்பளியைக் கொதிக்கப் போடுறவ இந்த நாட்டுல உண்டா? போ, பிரிச்சு நூலையாவது எடு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் பாவாயி.

அரும்பு அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "அம்மா, இதுல நுனியே இல்லம்மா" என்றாள்.

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. தள்ளிப் போடி" என்று சொல்லிவிட்டு, ரோமக் கூடையைத் தூக்கிக்கொண்டு பாவாயி ஓடைக்குப் போனாள்.

அவள் பாதி ரோமத்தை அலசியிருப்பாள். மலைமேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நுனியே நுனியே வெளியே வா! நூலே நூலே என்னோடு வா!"

என்னவோ ஏதோ என்று வீட்டுக்கு ஓடிவந்தாள். வாசலிலிருந்து மூன்று நூல்கள் புல்லின்மேல் வழுக்கிக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கொடியில் செங்கோடன் சட்டை இல்லை, உள்ளே செங்கோடனும் இல்லை. வஞ்சி சட்டை இல்லை, வஞ்சியும் இல்லை. அரும்பின் சட்டையில் கழுத்துப் பட்டை மட்டும் கொடியில் சுற்றிச் சுற்றிப் பிரிந்துகொண்டிருந்தது. அரும்பு கதவோரம் இருந்தாள். கால் தெரியவில்லை, கை தெரியவில்லை, முகம் மட்டும் இருந்தது.

"அம்மா, குளிரு..." என்றாள். அவ்வளவுதான். அவளும் இல்லை.

பாவாயி பாய்ந்து நூலைப் பிடித்தாள். ரோமத்துப் பிசுக்கு அப்பிய கையில் நூல் நிற்குமா? உள்ளங்கையைக் கீறிக்கொண்டு அதுவும் போய்விட்டது.

அவள் அழவில்லை. சாக்கை இறுக்கிக்கொண்டு, நூல் போன வழியே மலை ஏறினாள். முதல் மலையில் காற்று அவளைத் தள்ளியது. இரண்டாம் மலையில் பனி அவளை மூடியது. மூன்றாம் மலையின் உச்சியில் ஒரு குகை இருந்தது. குகைக்குள் நூலுருவி என்கிற மந்திரவாதி உட்கார்ந்திருந்தான். பனைமர உயரம், எலும்பும் தோலும், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் இடுப்பில் ஒரு தோல் மட்டும். விரல் நகங்கள் பின்னல் ஊசி நீளம். பல் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் மடியில் மூன்று நூலுருண்டைகள். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னஞ்சிறியது.

"எம் புருஷனையும் புள்ளைங்களையும் குடு" என்றாள் பாவாயி.

"முடிச்சுப் போடாம விட்டது நானா?" என்று கேட்டான் அவன்.

பாவாயி தலை குனிந்தாள்.

"சாமி, என் தப்புதான். அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? என்னை எடுத்துக்கோ."

நூலுருவி அவளை மேலும் கீழும் பார்த்தான். "உன்னை எங்கேருந்து உருவுறது? உனக்குத்தான் சட்டையே இல்லையே" என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரல் ஏனோ கொஞ்சம் இறங்கியது. பிறகு நகத்தைத் தட்டி யோசித்தான். "சரி, ஒண்ணு செய். என்னால பிரிக்க முடியாத சட்டை ஒண்ணு என் அளவுக்குப் பின்னிக் கொண்டா. மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு. ஒண்ணுல ஜெயிச்சாலும் மூணு உருண்டையும் உன்னுது."

"தோத்தா?"

"முதல் தடவை தோத்தா ஊரு உன் குடும்பத்தை மறந்துடும். ரெண்டாம் தடவை தோத்தா ஊரு உன்னை மறந்துடும். மூணாம் தடவை தோத்தா நீயே அவங்களை மறந்துடுவ. அப்புறம் அவங்க வெறும் நூல்தான்."

பாவாயி சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் நாலு தட்டைக் கழுவி வைத்தாள். கை பழக்கம். பிறகு மூன்றை எடுத்துக் கவிழ்த்தாள். மறுபடி நிமிர்த்தி வைத்தாள். மிச்ச ரோமத்தை எடுத்து உட்கார்ந்தாள். முள்ளெடுத்ததும் அவளே, நுரை அடித்ததும் அவளே, அலசியதும் அவளே. நுரை அடிக்கும்போது பாதியிலேயே "மூக்கைத் தொடைடி" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அங்கே யாரும் இல்லை. பூந்திக்கொட்டை நுரை மட்டும் சட்டியில் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது.

முள்ளெடுத்து, அலசி, உலர்த்தி, சீவி, நூற்று, பின்னி, முதல் சட்டையை முடித்தாள். இந்த முறை நுனியில் மூன்று முடிச்சு இல்லை, முந்நூறு முடிச்சு. முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் முடிச்சு. கொண்டு போய்க் கொடுத்தாள்.

நூலுருவி சட்டையைக் கையில் வாங்கினான். "நுனியே நுனியே வெளியே வா! நூலே நூலே என்னோடு வா!" முந்நூறு முடிச்சும் பொலபொலவென்று உதிர்ந்தன. சட்டை நூலாகி அவன் காலடியில் விழுந்தது. ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

பாவாயி ஊருக்குத் திரும்பினாள். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தா வேலியோரம் நின்று அவளைப் பார்த்தாள். இத்தனை நாளும் "உன் புள்ளைங்க கிடைச்சாங்களா ஆத்தா?" என்று தினம் கேட்டு அழுதவள். இன்று கொடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் பாவாயி, ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு நீளக் கொடி?"

"என் வஞ்சி, என் அரும்பு... உனக்கு ஞாபகம் இல்லியாக்கா? உன் மடியில உக்காந்துதானே அரும்பு கதை கேப்பா?"

"யாரு அது? உனக்கு ஏது புள்ளை? பனியில அலையாதே, குளிரு தலைக்கு ஏறிடுச்சு" என்று சொல்லிக் கருப்பாத்தா உள்ளே போய்விட்டாள்.

பாவாயி ஊர் முழுக்கப் போய்க் கேட்டாள். செங்கோடனோடு ஒன்றாக ஆடு மேய்த்தவன் தலையைச் சொறிந்தான். வஞ்சியோடு நொண்டி ஆடிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். செத்தவர்களைப் பற்றியாவது நாலு பேரோடு சேர்ந்து பேசி அழலாம். இவர்களுக்காக அழ உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து மூன்று பேரின் பெயரையும் சத்தமாகச் சொன்னாள். அதன்பிறகு தினமும் காலையில் எழுந்ததும் சொன்னாள்.

இரண்டாம் சட்டைக்கு உட்கார்ந்தாள். இந்த முறை முடிச்சே இல்லை. சட்டையை வட்டமாகப் பின்னி, தொடங்கிய நுனியையும் முடித்த நுனியையும் பிரித்துச் சீவி, எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து, ஒன்றோடொன்று நூற்றுவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒட்டு. அவளுக்கே பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தோஷமாகக் கொண்டு போனாள்.

நூலுருவி சட்டையைக் காதோடு வைத்துக் கேட்டான். "இங்கே ஒரு இடம் மட்டும் வேற மாதிரி மூச்சு விடுது" என்றான். நகத்தை வைத்தான். "நுனியே நுனியே வெளியே வா! நூலே நூலே என்னோடு வா!" ஒட்டு விட்டது. சட்டை போயிற்று.

அவள் திரும்பி வந்தபோது கருப்பாத்தா வேலியோரம்தான் நின்றாள்.

"அக்கா" என்றாள் பாவாயி.

கருப்பாத்தா அங்கே யாரும் இல்லாததுபோல் அவளைத் தாண்டி மலையைப் பார்த்து, "காத்து அடிக்குது, துணியை எடுக்கணும்" என்றாள். யாரிடம் சொன்னாள்? தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஓடையில் அவள் நிற்கும் இடத்திலேயே வந்து குடத்தை வைத்தார்கள். அவள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் தன் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பாடிப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. சின்ன வயதில் ஊருக்கு நடுவே சட்டை இல்லாமல் நின்ற ஞாபகம் வந்தது. அன்றும் எல்லாரும் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. செங்கோடன் வந்த பிறகு அது தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். தீரவில்லை, காத்திருந்திருக்கிறது.

வீட்டில் ரோமமும் தீர்ந்துவிட்டது. ஆறு ஆடும் மொட்டையாக நின்றன. கொல்லையில் உட்கார்ந்து நாலு தட்டையும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அந்த நாலு தட்டையே தேய்ப்ப? ஓட்டை விழப் போவுது" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போன கொம்பன்! இரண்டு மாத முள்ளும் சேறும் ரோமத்தில் அப்பியிருக்க, வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"நீயா பேசுன?"

"மனுஷன் எவனும் உன்கிட்ட பேசலன்னா யாராவது பேசித்தானே ஆகணும்?" என்றான் கொம்பன். "எனக்கும் காட்டுல பேச்சுத் துணை இல்ல. சரி, கத்தரியை எடு."

"வேணாம்டா. பனிக்காலம் வந்தாச்சு. இப்போ கத்தரிச்சா நீ விறைச்சுச் செத்துடுவ."

"அடுப்புப் பக்கத்துல ஒரு இடம் குடு. அரும்பு எனக்குத் திருட்டுத்தனமா வெல்லம் குடுப்பா. எனக்கு அவளை ஞாபகம் இருக்கு. என் ரோமம், என் இஷ்டம்."

அவளை ஞாபகம் இருக்கு என்று கேட்டதும் பாவாயி கொம்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் அழாத அழுகையெல்லாம் அழுதாள். "முள்ளு குத்தும், பாத்து" என்றான் கொம்பன்.

கத்தரித்ததும் அவளே, முள்ளெடுத்ததும் அவளே, அலசியதும், உலர்த்தியதும், சீவியதும், நூற்றதும், பின்னியதும் அவளே. கிடா தன் மொட்டை உடம்போடு அடுப்படியில் படுத்துக்கொண்டு, "அந்தக் கண்ணி விட்டுப்போச்சு", "இந்தக் கை கோணல்" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அதுவே பெரிய சங்கீதமாக இருந்தது. சட்டை முடிந்தது. ஆனால் நுனியை என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கட்டியும் ஆயிற்று, ஒட்டியும் ஆயிற்று. மூன்றாவதாக வழி ஒன்றும் தோன்றவில்லை.

கெடு முடிகிற நாள். காலையில் சட்டையைக் கடைசியாக ஒருமுறை அலசிவிடலாம் என்று அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துச் சட்டையைப் போட்டாள். அடுப்பில் நெருப்புக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் பெயர்களைச் சொன்னாள். செங்கோடன். வஞ்சி. அரும்பு. இன்று தோற்றால் நாளைக்கு இந்தப் பெயர்கள் வாயில் இருக்காது என்று நினைத்தாள். அதனால் பெயரோடு நிறுத்தாமல் ஒவ்வொருவரைப் பற்றியும் நினைவில் இருப்பதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். செங்கோடன் தும்மினால் மூன்று முறை தும்முவான். வஞ்சிக்கு இடது கன்னத்தில் குழி. அரும்புக்குக் கழுத்து இறுக்கினால் பிடிக்காது...

"ஏ பாவாயி! அண்டா!" என்று கத்தினான் கொம்பன்.

தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் அகப்பையால் சட்டையைத் தூக்கினாள், அது வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை தூக்கிக் கொண்டுபோய்ப் பனி உருகி ஓடும் ஓடையில் எறிந்தாள். எடுத்துப் பார்த்தாள். பனைமர உயரத்து ஆளுக்குப் பின்னிய சட்டை, கைக்குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கித் தடித்துக் கட்டியாகக் கிடந்தது.

ஊரெல்லாம் மெச்சிய பின்னல்காரி, எந்தப் புத்தி கெட்டவளும் செய்யாததைச் செய்துவிட்டு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட நேரமில்லை. இதைப் பிரித்து நூலையாவது மீட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு குல்லாயாவது பின்னலாமா என்று நுனியைத் தேடினாள்.

நுனி இல்லை.

திருப்பிப் பார்த்தாள். உள்ளே வெளியே பார்த்தாள். ஒரு கண்ணியைக்கூட அடுத்த கண்ணியிலிருந்து பிரித்துக் காண முடியவில்லை. எல்லா இழையும் எல்லா இழையையும் பிடித்துக்கொண்டு ஒரே தடிப்பாக நின்றது. அப்போதுதான் அவள் காதில் அந்தக் குரல் மூன்று மாதம் கழித்து வந்து விழுந்தது. அம்மா, இதுல நுனியே இல்லம்மா.

அந்த நாட்டில் பெண்கள் எல்லாரும் கெட்டிக்காரிகள். கம்பளியை யாரும் கொதிக்க விட்டதே இல்லை. அதனால்தான் கொதித்த கம்பளி பிரியாது என்று அங்கே யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு ஆறு வயதுப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் வந்து சொல்லவும் சொன்னாள்.

"நான்தான் கேக்கல" என்று பாவாயி வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு ஈரச் சட்டையோடு மலையைப் பார்த்து ஓடினாள்.

நூலுருவி அதைப் பார்த்துக் குகை அதிரச் சிரித்தான். "இதென்ன? எலிக்குப் பின்னுனதா?"

"பிரிச்சுப் பாரு சாமி" என்றாள் பாவாயி.

நகத்தால் கீறினான். நகம் மடங்கியது. பல்லால் கடித்தான். பல் வலித்தது. எழுந்து நின்று, "நுனியே நுனியே வெளியே வா! நூலே நூலே என்னோடு வா!" என்று கத்தினான். மலை எதிரொலித்தது, சட்டை கம்மென்று இருந்தது. இரண்டாம் முறை கத்தினான். மூன்றாம் முறை அவனுக்குக் குரல் வரவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஏன் சாமி அழுவுற?"

"என் கை பட்டதெல்லாம் பிரிஞ்சுடும். பொறந்ததுலேருந்து இப்படித்தான். யாருதாவது எம்மேல தங்காதான்னு ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் போட்டுப் பாத்தேன். எல்லாம் உருண்டையாத்தான் ஆச்சு. ஒரு சட்டையை ஒரு நாள் போட்டதில்ல. எனக்கு முன்னூறு வருஷமா குளிருது."

சட்டை இல்லாமல் வளர்வது எப்படி இருக்கும் என்று பாவாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அந்தக் குட்டிச் சட்டையை எடுத்து, எட்டி, அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள். சட்டையின் இரண்டு கையும் அவன் இரண்டு காதையும் மூடித் தொங்கின. பார்க்கக் கொம்பன் மாதிரியே இருந்தான். அவன் மெதுவாகத் தலையைத் தொட்டுப் பார்த்தான். சட்டை பிரியவில்லை. கிடுகிடுத்த பல் நின்றது. அது நின்றதும் நகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நம் கை மாதிரி ஒரு சாதாரணக் கை வெளியே வந்தது.

"உன் உருண்டைங்க" என்று மூன்றையும் நீட்டினான். "திரும்பப் பின்னு, வந்துடுவாங்க. முடிச்சுப் போட மறந்துடாதே தாயி."

வீட்டுக்கு வந்த பாவாயி சாப்பிடவில்லை, உட்கார்ந்து பின்னினாள். அளவு எடுக்க ஆள் இல்லை, கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செங்கோடனுக்கு வயிற்றில் நாலு கண்ணி கூட்டினாள். வஞ்சி மூன்று மாதத்தில் வளர்ந்திருப்பாள் என்று சட்டைக் கையை இரண்டு விரல் அளவு நீட்டினாள். அரும்புக்குக் கழுத்தைத் தளர்வாக விட்டாள். ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு.

முதலில் தும்மல் கேட்டது. மூன்று தும்மல். பிறகு ஒரு கன்னக்குழி தெரிந்தது. கடைசியாகத் தளர்ந்த கழுத்து வழியே ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. கன்னத்தில் அன்றைய அழுகை இன்னும் காயவில்லை.

"...து" என்றாள் அரும்பு. அன்று பாதியில் விட்டதை முடித்தாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்போ குளிரல" என்றாள்.

வேலிக்கு அப்பாலிருந்து கருப்பாத்தாவின் குரல் கேட்டது. "பாவாயி! எங்கடி போயிருந்த இத்தனை நாளு? அரும்பை அனுப்பு, கொழுக்கட்டை வெச்சிருக்கேன்!"

பாவாயி நடந்ததையெல்லாம் சொன்னாள். மூன்று பேரும் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் செங்கோடன் அவள் தோளில் கிடந்த சாக்கை முதல்முறையாகப் பார்க்கிறவன்போல் பார்த்தான். மூங்கில் ஊசியை எடுத்தான், மண்வெட்டி மாதிரியே பிடித்தான். அவள் தலையிலிருந்து ஒரு முடியை வஞ்சி எடுத்தாள். அடுத்த வருஷம் கத்தரிப்புக்கு முன்னால் அந்தச் சட்டை முடியாது என்று கொம்பன் சொன்னான். சொன்னபடியே ஆயிற்று. செங்கோடன் முதுகைப் பின்னினான். அந்தக் கண்ணிகளில் மீன் பிடிக்கலாம். வஞ்சி கைகளைப் பின்னினாள், ஒன்று நீளம், ஒன்று அதைவிட நீளம். அரும்பு கழுத்தைப் பின்னினாள். அம்மா எவ்வளவு பெரியவள் என்று மூன்று பேருக்கும் சரியாகத் தெரியவில்லை. ரொம்பப் பெரியவள் என்று நினைத்துவிட்டார்கள். போட்டுக்கொண்டால் பாவாயியும் கொம்பனும் சேர்ந்து உள்ளே இருக்கலாம்போல் இருந்தது.

வஞ்சிக்கு முகம் வாடிவிட்டது. அரும்புதான் யோசித்தாள்.

"அம்மா, கொதிக்க வெச்சிடலாமா? அப்புறம் யாராலயும் உன்னை உருவிட்டுப் போக முடியாது."

இந்த முறை பாவாயி காதுகொடுத்துக் கேட்டாள். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. அரும்பு கிண்டோ கிண்டென்று கிண்டினாள். ஓடையில் போட்டு எடுத்தார்கள். சட்டை சுருங்கிச் சுருங்கி, அளவெடுத்துச் செய்தது மாதிரி பாவாயிக்கு வந்து நின்றது. தேடினாலும் நுனி இல்லை.

அதைப் போட்டுக்கொண்டு அவள் அடுப்படியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியைத் துடைத்தாள்.

"எனக்கு வேர்க்குதுடி" என்றாள். வெண்பனி நாட்டில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஆனால் சட்டையைக் கழற்றவில்லை. இந்தக் கதை உங்களிடம் வந்து சேரும்வரை கழற்றவில்லை என்றுதான் கேள்வி.